அனுமதியாகப் பிறந்த காவல்: தானாகப் புதுப்பிக்கும் சந்தா விதிகளுக்கு ஓர் உரை

2019 ஆகஸ்டு 21 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கார்டுக்காரர் ஒருமுறை தரும் ஒப்புதலை வைத்துக்கொண்டு வணிகர் மாதாமாதமோ ஆண்டுதோறுமோ எப்படிப் பணம் எடுக்கலாம் என்பதே அதன் பொருள். ஓடிடி சந்தா, இணையச் செய்தித்தாள், பாட்டுச் செயலி, போனில் எடுத்த படங்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கான மாதக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்கும். வங்கிகளுக்கும் கார்டு நிறுவனங்களுக்கும் எழுதிய காகிதம் என்பதால் பொதுமக்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் விளைவு எல்லார் போனுக்கும் வந்துபோகிறது. "நாளை உங்கள் கார்டிலிருந்து இவ்வளவு ரூபாய் எடுக்கப்படும்" என்று முன்னதாக வரும் எஸ்எம்எஸ் இந்தச் சுற்றறிக்கை போட்ட கட்டளைதான்.

அதை விதி விதியாக எடுத்துப் பார்ப்போம். மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'விதி' என்று கீழே தருவது அதன் சாரம் மட்டுமே. தொகைகள் பின்னாளில் மாறியிருக்கின்றன; அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

விதி: தொழில்துறையினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பதிவின்போதும் முதல் கட்டணத்தின்போதும் கூடுதல் சரிபார்ப்பு செய்துவிட்டால், அடுத்தடுத்த கட்டணங்களை அது இல்லாமலே எடுக்க அனுமதிக்கப்படுகிறது.

கூடுதல் சரிபார்ப்பு என்பது நடைமுறையில் ஓடிபி. இந்தியாவில் இணையம் வழியே கார்டால் பணம் கட்டும்போது இது 2009 ஆகஸ்டு முதல் கட்டாயம். மாதாமாதம் 149 ரூபாய்க்கு ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தால் சந்தா வியாபாரம் நடக்காது என்பது நிறுவனங்களின் முறையீடு. அதற்குச் செவிசாய்த்துத் தந்த சலுகைதான் இந்தச் சுற்றறிக்கை. நுகர்வோரைக் காப்பாற்றப் புறப்பட்ட சட்டம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. வணிகர் கேட்டு வாங்கிய வரம்.

இதில்தான் இதன் பலமே இருக்கிறது. "ஏமாற்றாதே" என்று தடை போட்டால், ஏமாற்றியவரைக் கண்டுபிடித்து, நிரூபித்து, தண்டிக்க வேண்டும். "இத்தனை நிபந்தனைக்கு உட்பட்டால் எடுத்துக்கொள்" என்று அனுமதி தந்தால், நிபந்தனை நிறைவேறாத இடத்தில் பணம் நகராது. அந்தக் கதவைக் காப்பதும் விற்பவர் அல்ல, வங்கி. பின்னால் வரும் ஒவ்வொரு விதியையும் இந்த முகப்பு வரியின் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும்.

விதி: டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, வாலட் அனைத்துக்கும் பொருந்தும். ஒரே ஒருமுறை கட்டும் பணத்துக்குப் பொருந்தாது. இந்த வசதிக்காக கார்டுக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

இதில் விளக்க அதிகமில்லை. 2020 ஜனவரியில் யுபிஐயும் இதற்குள் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் யுபிஐ ஆட்டோபே தொடங்கியது. இன்று பலரும் சந்தா கட்டுவது அதன் வழியாகத்தான்.

விதி: பதிவு செய்யும்போது ஒப்புதல் எதுவரை செல்லும் என்பதைக் குறிக்க வேண்டும். தொகை மாறாததா, மாறக்கூடியதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டுக்காரருக்கு உண்டு. மாறக்கூடியது என்றால் உச்சவரம்பை அவரே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

'அவரே' என்பதைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் உச்சவரம்பைச் சொல்பவர் நாம். திரையில் அது பெரும்பாலும் நிறுவனம் நிரப்பி வைத்த எண்ணாக வந்து நிற்கிறது. மாதம் 199 ரூபாய் சேவைக்கு "அதிகபட்சம்" என்று பல மடங்குத் தொகை எழுதியிருந்தாலும், படம் பார்க்கும் அவசரத்தில் பின் எண்ணை அழுத்திவிடுகிறோம். பிறகு விலை 199லிருந்து 299 ஆனாலும் புதிதாக ஒப்புதல் தேவைப்படாது. நாம் தந்த வரம்புக்குள் அது அடங்கிவிடும். மாறாத தொகை என்று பதிந்திருந்தால் விலையேற்றத்துக்கு ஒப்புதலைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கு மறுபடி ஓடிபி வேண்டும் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. ஆகவே பதிவுத் திரையில் பார்க்க வேண்டியது முதல் மாதக் கட்டணத்தை அல்ல, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் அதிகபட்சத்தையும் முடிவுத் தேதியையும்.

விதி: முதல் கட்டணத்துக்குச் சரிபார்ப்பு உண்டு. அதைப் பதிவின் சரிபார்ப்போடு சேர்த்தே செய்துகொள்ளலாம்.

வசதிக்காகச் சொன்னது. ஆனால் "ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்" என்ற விளம்பரங்கள் நிற்பது இதன்மேல்தான். ஒரு ரூபாய்க்கென்று நினைத்து நாம் தரும் ஓடிபி, எட்டாம் நாளிலிருந்து தொடங்கும் முழுத் தொடருக்கும் சேர்த்துத் தந்ததாகிவிடுகிறது.

விதி: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு கார்டு தந்த வங்கி முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் என எதில் வர வேண்டும் என்று கார்டுக்காரர் தேர்ந்தெடுக்கலாம். அறிவிப்பு தெளிவாகவும் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். வணிகரின் பெயர், தொகை, எடுக்கும் நாளும் நேரமும், குறிப்பு எண், எடுப்பதற்கான காரணம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

சுற்றறிக்கையின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது. முதலில், அனுப்பும் கடமை வங்கியுடையது. நாம் மறந்துபோவதால் வங்கிக்கு ஆதாயமில்லை, விற்பவருக்குத்தான் ஆதாயம். மறதியில் வருமானம் பார்ப்பவரிடமே நினைவூட்டும் வேலையைக் கொடுத்தால் அந்தக் கடிதம் விளம்பரப் பெட்டியில் போய்ச் சேரும். வேறு நாடுகளின் சட்டங்களில் பலவும் கடமையை விற்பவர் தலையில்தான் வைத்திருக்கின்றன. இங்கே அது இடம் மாறியிருப்பது பெரிய விஷயம்.

அடுத்து, 24 மணி நேரம். குறைந்தது என்று விதி சொன்னாலும், குறைந்தபட்சமே வழக்கமாகிவிடுவது உலக இயல்பு. மாதச் சந்தாவுக்கு ஒருநாள் அவகாசம் போதும். ஆண்டுச் சந்தாவுக்குப் போதாது. போன ஆண்டு தீபாவளிச் சலுகையில் வாங்கியதை இந்த ஆண்டு வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்க ஒருநாள் எப்படிப் போதும்? அந்த நாளில் பயணத்தில் இருந்தால், ஊரில் கல்யாணம் என்றால், எஸ்எம்எஸ் முப்பது விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடும். கலிஃபோர்னிய மாநிலச் சட்டம் 2022 ஜூலை முதல், ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சந்தாவுக்கு 15 நாள் முதல் 45 நாள் வரையிலான இடைவெளியில் நினைவூட்டல் தரச் சொல்கிறது. ஆண்டுச் சந்தாவைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் அந்த விவேகம் நம் சுற்றறிக்கையில் இல்லை. இதை அதன் முதல் குறையாகச் சொல்வேன்.

புரியும் மொழி என்றது யாருக்குப் புரியும் மொழி? வங்கிக்கா, வாடிக்கையாளருக்கா? வாடிக்கையாளருக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. வரும் செய்திகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு வருகின்றன. மகன் வெளியூரிலிருந்து போட்டுக்கொடுத்த ஓடிடியில் சீரியல் பார்க்கும் அம்மாவுக்கு அந்தச் செய்தி வேறொரு வங்கி விளம்பரம் மாதிரிதான் தெரியும். ஏடிஎம் திரை பல ஆண்டுகளாகத் தமிழில் பேசுகிறது. இந்த எஸ்எம்எஸ்ஸும் பேசலாம். விதியின் சொல் அதற்கு இடம் தருகிறது.

வணிகரின் பெயர் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. செயலியின் பெயர் ஒன்று, அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறொன்று, நடுவில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயர் இன்னொன்று. செய்தியில் மூன்றில் எது வரும் என்று சொல்ல முடியாது. யார் எடுக்கப் போகிறார் என்றே தெரியாதபோது வேண்டும், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தெரியாத பெயரைப் பார்த்து மோசடி என்று பயந்து கார்டையே முடக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதே தெரியாத பெயரைப் பார்த்து ஏதோ ஒன்று என்று விட்டுவிடுபவர்கள் அவர்களைவிட அதிகம்.

2024 ஆகஸ்டில் இந்த முன்னறிவிப்பிலிருந்து ஃபாஸ்டேக் நிரப்பலுக்கும் மெட்ரோ, பேருந்துகளில் பயன்படும் தேசியப் பொதுப் பயண அட்டையின் நிரப்பலுக்கும் விலக்கு தரப்பட்டது. சுங்கச்சாவடியில் இருப்பு தீரும் நேரத்தை 24 மணி நேரம் முன்பே யாரும் கணிக்க முடியாது. ஆகவே இந்த விலக்கு நியாயமே.

விதி: முன்னறிவிப்பு கிடைத்ததும், அந்த ஒரு கட்டணத்திலிருந்து மட்டுமோ, ஒப்புதல் முழுவதிலிருந்துமோ விலகிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். விலகுவதற்கும் சரிபார்ப்பு வேண்டும். விலகியதை உறுதிசெய்து வங்கி தகவல் அனுப்ப வேண்டும்.

இந்த மாதம் மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. சம்பளம் தாமதமாகும் மாதத்தில் இது உதவும். விலகவும் ஓடிபி கேட்பது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் உள்ளே வர ஒரு ஓடிபி, வெளியே போக ஒரு ஓடிபி என்று வாசலின் அகலம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. சந்தா வணிகத்தில் அரிதாகக் கிடைக்கும் சமநிலை இது. அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் பிரைம் சந்தாவை ரத்து செய்வதற்கு வைத்திருந்த பல கட்ட நடைமுறைக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் என்பதை அந்நாட்டு வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில் எடுத்துக்காட்டியது. முடிவில்லாமல் நீளும் போரைப் பாடிய காவியத்தின் பெயரை வைத்தவருக்கு, தான் என்ன கட்டுகிறோம் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

விதி: ஒரு கட்டணத்துக்கு உச்சவரம்பு 2,000 ரூபாய்.

2021 ஜனவரியிலிருந்து 5,000. 2022 ஜூனில் 15,000. 2023 டிசம்பரில் மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கு மட்டும் ஒரு லட்சம். அந்தந்த வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. வரம்பு ஏற ஏற, ஓடிபியின் காவல் சுருங்கி எஸ்எம்எஸ்ஸின் காவல் விரிகிறது. மேலே சொன்ன 24 மணி நேரக் குறை அதனால் ஆண்டுக்கு ஆண்டு கனம் கூடிக்கொண்டே போகிறது.

எண்ணைவிடச் சுவையானது சுற்றறிக்கை அமலுக்கு வந்த கதை. 2019இல் வந்த விதிக்கு 2021 மார்ச் 31 கடைசி நாள் என்று நின்றது. வங்கிகள் தயாராகவில்லை. வாடிக்கையாளர்கள் தவிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி மேலும் ஆறு மாதம் தந்தது. தாமதம் தீவிரக் கவலைக்குரியது, இனியும் தாமதித்தால் கடும் நடவடிக்கை என்று எச்சரித்தது. அக்டோபர் 1 வந்தபோது நிறையச் சந்தாக்கள் அறுந்தன. வெளிநாட்டுச் செய்தித்தாள்களும் மென்பொருள்களும் பணம் எடுக்க முடியாமல் நின்றன. அமேசான் தன் பிரைமின் மாதச் சந்தாவையும் இலவசச் சோதனையையும் அந்த ஆண்டு சில காலம் நிறுத்தியே வைத்திருந்தது. விதி தோற்றுவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். நிபந்தனை நிறைவேறாவிட்டால் பணம் நகராது என்ற முகப்பு வரி வேலை செய்ததுதான் நாம் பார்த்தது.

விதி: ஒப்புதலை எந்த நேரமும் திரும்பப் பெறுவதற்கு வங்கி இணைய வசதி தர வேண்டும். திரும்பப் பெற்ற பின் கட்டணம் எடுக்கக் கூடாது. ஆனால் முன்னறிவிப்பு அனுப்பப்பட்டு, பணம் எடுப்பது பாதிவழியில் இருக்கும் கட்டணத்துக்கு இது பொருந்தாது.

இங்கே ஒரு தடை எழும். முன்னறிவிப்பு வந்தபின் விலகலாம் என்று மேலே ஒரு விதி சொன்னது. முன்னறிவிப்பு போனபின் திரும்பப் பெற்றால் அந்தக் கட்டணம் நிற்காது என்று இந்த விதி சொல்கிறது. இரண்டும் முரண் அல்லவா?

முரண் அல்ல என்பதே என் விடை. அங்கே சொன்னது விலகல்: ஒரு குறிப்பிட்ட முன்னறிவிப்புக்கு மறுமொழியாக, அதன் குறிப்பு எண்ணைத் தொட்டுச் செய்வது. இங்கே சொன்னது திரும்பப் பெறுதல்: முன்னறிவிப்போடு தொடர்பில்லாமல், வங்கியின் தளத்துக்குப் போய் ஒப்புதலையே எடுத்துவிடுவது. முதலாவது அந்தக் கட்டணத்தை நிறுத்தும். இரண்டாவது அடுத்ததிலிருந்து நிறுத்தும். ஆகவே நாளைக்குப் பணம் போகப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டால், அந்தச் செய்தி காட்டும் வழியிலேயே விலக வேண்டும். அதை விட்டுவிட்டு மேண்டேட்டை, அதாவது வங்கியில் பதிந்த ஒப்புதலை, மட்டும் கேன்சல் செய்து, மறுநாள் பணம் போனதும் வங்கியைத் திட்டுபவருக்கு விதியின் துணை கிடைப்பது கடினம். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைச் சாதாரண வாடிக்கையாளர் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டது விதி எழுதியவரின் பிழை.

விதி: திரும்பப் பெற்ற ஒப்புதலுக்குரிய கார்டு விவரங்கள் அனைத்தையும் வணிகர் அழித்துவிடுவதை, வணிகருக்காகப் பணம் பெறும் வங்கி உறுதிசெய்ய வேண்டும்.

நல்ல விதி. அழித்தாரா என்று நம்மால் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

இத்தோடு சுற்றறிக்கையின் எல்லை முடிகிறது. மேண்டேட்டை நிறுத்தினால் பணம் போகாது. சந்தா ரத்தாகிவிட்டதா? அதைப் பற்றிச் சுற்றறிக்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசவும் முடியாது. நமக்கும் வங்கிக்கும் இடையில் உள்ளது அதன் வேலை. நமக்கும் விற்பவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம் அப்படியே கிடக்கும். ஓராண்டுக்குக் கட்டுப்பட்டு மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தில் சேர்ந்தவர் மூன்றாம் மாதம் மேண்டேட்டை எடுத்துவிட்டால், மீதிப் பணம் கேட்டு நிறுவனம் வரலாம். ஆகவே இரண்டு இடத்திலும் நிறுத்த வேண்டும்: முதலில் செயலியில், பிறகு வங்கியில்.

செயலியில் நிறுத்த முடியாதபடி வைத்திருந்தால்? அதற்கு இன்னொரு நூல் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அவை. இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளை அவை பெயர் சொல்லித் தடுக்கின்றன. அதில் ஒன்று சந்தாப் பொறி.

நெறி: கட்டணச் சந்தாவை ரத்து செய்வதை இயலாததாக அல்லது நீண்ட சிக்கலான வேலையாக ஆக்குவது, ரத்து செய்யும் வாய்ப்பை ஒளித்துவைப்பது, இலவசச் சந்தா தருவதற்குப் பணம் கட்டும் விவரங்களையோ தானாக எடுக்கும் ஒப்புதலையோ கட்டாயமாகக் கேட்பது, ரத்து செய்வதற்கான குறிப்புகளைக் குழப்பமாக, மறைவாக எழுதுவது.

முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் எந்த நாட்டுச் சட்டத்திலும் பார்க்கக்கூடியவை. ஜெர்மனி 2022 ஜூலை முதல் இணையதளத்தில் ரத்து செய்யும் பொத்தான் இருந்தே தீர வேண்டும் என்று ஒரு படி மேலே போனது. நம் நெறி அப்படி எந்தப் பொத்தானையும் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் வியப்பு. "முதல் மாதம் இலவசம், கார்டைப் பதியுங்கள்" என்பது உலகம் முழுதும் சந்தா வணிகத்தின் அடிப்படை உத்தி. அந்தக் கட்டாயத்தையே இந்த நெறி பொறி என்கிறது. பின்னால் ஏமாற்றினாரா, நினைவூட்டினாரா என்ற கேள்விக்கே போகவில்லை. இலவசம் என்றால் கார்டு எதற்கு என்று பாட்டி கேட்கும் கேள்வியை அரசாணையாக்கியது போன்ற நெறி இது. சட்டத்தில் இருக்கும் இந்த வரி நடைமுறையில் எங்கே இருக்கிறது என்று, எந்தச் செயலியைத் திறந்தாலும் தேட வேண்டியிருக்கிறது. கார்டு கேட்காத இலவசச் சோதனையை நான் கண்டது அபூர்வம்.

அனுமதிக்கும் தடைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் விதியை மீறினால் பணம் நகராது. ஆணையத்தின் நெறியை மீறினால், யாராவது புகார் செய்து, ஆணையம் எடுத்து விசாரித்து, உத்தரவு போட்ட பிறகுதான் எதுவும் நகரும். 2025 ஜூனில் ஆணையம் இணைய வணிகத் தளங்களைத் தம்மைத் தாமே மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்துகொள்ளச் சொன்னது. பொறி வைத்தவரிடமே பொறி இருக்கிறதா என்று கேட்பது முதல் படியாக இருக்கலாம். அதற்கு மேலும் படிகள் வேண்டும். தடை வழியில் போன அமெரிக்காவின் கதையும் உதவவில்லை. சேர்வதைப்போல விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2024 அக்டோபரில் இயற்றிய விதியை, பொருளாதார விளைவுகளை முறைப்படி ஆராயவில்லை என்ற நடைமுறைக் காரணத்துக்காக மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது.

இலவசச் சோதனைக்குக் கார்டு வாங்கினால், சோதனை முடிந்து முதல் முழுக் கட்டணம் எடுக்கும்போது மறுபடி ஓடிபி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஒரே ஒரு வரி சேர்த்தால், ஆணையத்தின் மூன்றாவது கூறு புகாரே இல்லாமல் நடைமுறைக்கு வந்துவிடும். ஒரு ரூபாய் ஓடிபி ஒரு ரூபாய்க்கு மட்டும் செல்லும்.

விதி: குறைகளைப் பதிய வங்கி ஏற்பாடு செய்ய வேண்டும், கார்டு நிறுவனங்கள் காலவரையறையுடன் தீர்வுமுறை வைக்க வேண்டும். ஒப்புதலில்லாப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டும் முந்தைய ஆணை இவற்றுக்கும் பொருந்தும்.

கடைசிப் பகுதி முக்கியம். முன்னறிவிப்பு வரவே இல்லை, விலகியபின்னும் பணம் போனது என்றால், அது வெறும் வாடிக்கையாளர் குறையாக நின்றுவிடாது. ஒப்புதலில்லாமல் எடுத்த பணம் என்று வாதிட இந்த வரி இடம் தருகிறது. வங்கிக்குச் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும், எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தாமதிக்கத் தாமதிக்க நம் பொறுப்பு கூடும் என்பது அந்த ஆணையின் அமைப்பு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விற்பவர்மேல் உள்ள புகாருக்கு வழி வேறு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செயலியில் ரத்துப் பொத்தான் இல்லை என்பதை வங்கியிடம் சொன்னால் கைவிரிப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் முன்னறிவிப்பில் வந்த குறிப்பு எண் கையில் இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.